அந்த அறையில் சிரிக்காதீர்கள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குக் கூட்டிப்போகும் பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசப்போகிறேன்.

பழைய நகரின் நடுவே, தண்ணீரை ஒட்டி நிற்கிறது கிராவென்ஸ்டீன் கோட்டை. உள்ளே சித்திரவதைக் கருவிகளுக்கென்றே ஓர் அறை உண்டு. இரும்பு விலங்குகள், விரலை நசுக்கும் திருகுகள், தலையை வெட்டும் கில்லட்டின் எல்லாம் இருக்கின்றன. "சொல்வழி கேக்காட்டி உன்னையும் இதிலைதான் பூட்டிவிடுவன்" என்று ஓர் அப்பா மகனிடம் சொல்லிச் சிரித்ததை அங்கே நின்று கேட்டேன். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அம்மாவோ, விலங்குக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன விளையாட்டு இது? 1407 முதல் 1778 வரை ஃபிளாண்டர்ஸ் பகுதியின் உயர் நீதிமன்றம் இந்தக் கோட்டைக்குள்தான் இயங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாக்குமூலமே தலையாய சாட்சி என்று சட்டம் நினைத்த காலம். வாக்குமூலம் வராவிட்டால் வலியால் வரவழைத்தார்கள். வலி தாங்காதவன் செய்யாததையும் செய்தேன் என்பான். இந்த ஒன்றைப் புரியவைத்தால் போதும், பத்து வயதுப் பிள்ளை ஆயிரம் கேள்வி கேட்கும். அதைவிட்டு, அடங்காத பிள்ளைக்கு இதுதான் கதி என்று பயமுறுத்துவது, அந்த விசாரணைக்காரர்களின் பக்கம் போய் நிற்பதாகாதா? தடுப்புக் காவலில் அடிபட்டு, உயிர் தப்பி ஐரோப்பாவுக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ நம்மில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள்! நமக்கா இது சிரிப்பு?

சின்னப் பிள்ளையென்றால் அந்த அறையைத் தாண்டிப் போய்விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. கோட்டையில் அவர்களுக்கென்று வேறு எவ்வளவோ இருக்கிறது. சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் கழிப்பிடத்தைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிடுகிறார்கள். "சீ, வா" என்று இழுக்காதீர்கள். கழிவு எங்கே விழும், குளிர்காலத்தில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று அவர்கள் கேட்பதெல்லாம் நியாயமான வரலாற்றுக் கேள்விகள். வாசலில் 1180 என்ற ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. கோட்டையைக் கட்டிய பிலிப் பிரபு சிலுவைப் போருக்குப் போனவர். அந்தக் கல்வெட்டையும் காட்டுங்கள்.

இன்னொன்றை அநேகமாக யாருமே பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கோட்டைக்குள் பஞ்சாலை ஓடியது; தொழிலாளர் குடும்பங்கள் மதிலுக்குள்ளேயே குடியிருந்தன. அந்த நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஆலைகளில் சிறுவர்களும் வேலை செய்தார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களை ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்ததே 1889இல்தான். பிரபுவையும் போர்வீரனையும் விட, தன் வயதில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்து வேலை செய்த ஒருவனை உங்கள் மகள் சட்டென்று புரிந்துகொள்வாள்.

கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் பார்த்தே தீரவேண்டும் என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். இரண்டு அறை போதும். மேல்மாடத்தில் படம் எடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிள்ளை களைத்துப்போனால், படம் இல்லாமலே இறங்கிவிடுங்கள்.