அழுக்கின் வரலாற்றைக் கேட்காத மருத்துவம்

‘ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் மூளையின் கோளாறு, அதற்குக் கடந்தகாலத்தில் வேர் தேடுவது ஃபிராய்டு காலத்துப் பழங்கதை’ என்னும் கூற்று உளவியல் கருத்தரங்குகளில் அறிவியலின் இறுதித் தீர்ப்பைப் போல் ஒலிக்கிறது. அது தீர்ப்பன்று, கேள்வி கேட்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வழி.

2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு, ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயமாக்கியது. மனவடு சார்ந்த நோய்களை அடுத்த அத்தியாயத்தில் வைத்தது. வகைப்படுத்த இட்ட கோடு நாளடைவில் மதிலாயிற்று. இத்தனைக்கும், குழந்தைப் பருவத்தில் நேரும் உடல், பாலியல் வன்முறைக்கும் ஓசிடிக்கும் தொடர்புண்டு என்று அதே கையேடு குறிப்பிடுகிறது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, பெரியவர்களிடம் மரபின் பங்கை 27 முதல் 47 விழுக்காடு என மதிப்பிட்டது. எஞ்சியதில் அளவீட்டுப் பிழையும் உண்டு, தற்செயலும் உண்டு. வாழ்ந்த வாழ்க்கையும் உண்டு. அதைக் கேளாமலே விடுவது எவ்வகை அறிவியல்?

1989 முதல் புழக்கத்திலுள்ள யேல்-பிரவுன் அளவுகோலின் பத்துக் கேள்விகள், எண்ணங்களும் செயல்களும் எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன, எவ்வளவு துன்பம் தருகின்றன என்று அளக்கின்றன. எப்போது, எதற்குப் பின் தொடங்கின என்பது அதன் வேலையன்று. குறை கருவியினுடையதன்று, அதன் மதிப்பெண்ணையே நோயாளியின் வரலாறாகக் கொள்ளும் பழக்கத்தினுடையது.

ஹைதராபாத்தில் இப்பழக்கத்தின் விலை கூடுதல். இந்நகரில் கைகழுவி ஓயாதவர் தெலுங்கில் ‘மைல’ என்பார்; உருதுவில் ‘நாபாக்’ என்பார். இரண்டும் கிருமியைக் குறிப்பவையல்ல. தமிழின் ‘தீட்டு’ப் போலத் தூய்மை இழப்பைக் குறிப்பவை. அவற்றைக் ‘கிருமி அச்சம்’ என்று படிவத்தில் நிரப்பும் கணத்திலேயே வரலாறு அழிகிறது. எதையும் தொடாமலே, அவமதிப்பாலும் அத்துமீறலாலும் உள்ளே படியும் அழுக்குணர்வை ஸ்டான்லி ராக்மன் 1994இல் ‘மன மாசு’ என்று விளக்கினார். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் அவ்வுணர்வு காணப்படுவதை, ஃபேர்பிரதருடன் இணைந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கழிவறைக் கதவைத் தொடச்செய்து கழுவாதிருக்கப் பழக்குவது மட்டும் அந்த அழுக்கை எட்டுமா?

எதிர்வாதம் வலுவானதே. ஓசிடி உள்ள அனைவரும் மனவடு உற்றவரல்லர். 1896இல் ஃபிராய்டு இந்நோய்க்குக் குழந்தைப் பருவப் பாலியல் அனுபவத்தையே காரணமாக்கி, அடுத்த ஆண்டே அக்கோட்பாட்டில் நம்பிக்கையிழந்தார். இல்லாத குற்றத்தைப் பெற்றோர்மேல் சுமத்துவது கொடுமை. எதிர்கொள்ளல் சிகிச்சை பலருக்குப் பயனளிப்பதும் மறுக்க இயலாதது. ஆயினும் ஒரு மிகையைத் திருத்த மறுமிகையைத் தழுவுவது முறையன்று. காரணம் என்று சாதிப்பது வேறு. காரணமாக இருக்கலாமோ என்று கேட்பது வேறு.

தேவைப்படுவது புதுக் கோட்பாடன்று. முதற் சந்திப்பில், பாதுகாப்பான தனிமையில், பதில் சொல்ல வற்புறுத்தாமல், நோயாளியின் மொழியிலேயே கேட்கப்படும் கேள்வி ஒன்று: இந்த அழுக்கு முதன்முதலில் எப்போது ஒட்டியது? ஆய்வேடுகளின் அட்டவணைகளில் மதிப்பெண்ணுக்கு அருகே அந்த விடைக்கும் ஒரு கட்டம் வேண்டும்.