ஆவடியில் ஒரு மொழி: அதுக்கு மைக் பிடிக்கிறது யாரு?

இப்பல்லாம் போன்ல தமிழ்ல பேசினா எழுத்தா வந்து விழுது. அம்பத்தூர் ஓ.டி.க்கு எப்படிப் போறதுன்னு கேட்டா வழியும் சொல்லுது. ரொம்ப சந்தோஷம். ஆனா நம்ம ஏரியாவிலேயே பேசற ஒரு மொழி அதுக்குத் தெரியாது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2022 ஏப்ரல்ல முதல்வர் ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்குப் போய் ஒரு வீட்டுல சாப்பிட்டாரே, ஞாபகம் இருக்கா? அவங்க தங்களுக்குள்ள பேசறது வாக்ரிபோலி. தமிழோட கிளைமொழின்னு நினைச்சுடாதீங்க. குஜராத்தி, ராஜஸ்தானிக்கெல்லாம் சொந்தக்கார மொழி. தனி எழுத்து கிடையாது. சீனிவாச வர்மா இதை ஆராய்ஞ்சு எழுதின புத்தகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970லேயே வெளியிட்டது. 2024 பிப்ரவரி தமிழக பட்ஜெட்டில் தோடா, கோத்தா, சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஒலி வடிவத்தோட ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. நல்ல காரியம்.

ஆனா ஆவணம் வேற, போனுக்குக் காது வைக்கிறது வேற. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஏஐ4பாரத் குழு 2024ல் ‘இன்டிக்வாய்சஸ்’ வெளியிட்டப்பவே 145 மாவட்டங்கள்ல 16,237 பேர்கிட்ட 7,348 மணி நேரக் குரல் சேர்த்திருந்தாங்க. பிரமாதமான உழைப்பு! ஆனா அந்த 22 மொழிகளும் எட்டாவது அட்டவணை மொழிகள். வாக்ரிபோலி அந்த அட்டவணையில இல்லை.

சரி, நாமே சேர்த்துடலாமா? மோசில்லாவோட காமன் வாய்ஸ்ல முக்கியமா நடந்தது, திரையில வர்ற வாக்கியத்தைப் படிச்சுப் பதியறதுதான். எழுத்தே இல்லாத மொழியில எதைப் படிக்கிறது? தமிழ் எழுத்துல எழுதலாம்னா ‘பாட்டு’க்கும் ‘பஸ்’ஸுக்கும் நம்மகிட்ட ஒரே ‘ப’தான். நமக்குப் பழக்கம், கம்ப்யூட்டர் குழம்பும். அதனால முதல்ல பேச்சைப் பிடிக்கணும். பாட்டி கதை சொல்லட்டும், பேத்தி அதையே தமிழ்ல வாயால திருப்பிச் சொல்லட்டும். எழுத்து அப்புறம் வரட்டும்.

“அவங்களுக்குத்தான் தமிழ் நல்லாத் தெரியுமே, எதுக்கு வெட்டி வேலை?”ன்னு கேப்பீங்க. நமக்கு இங்கிலீஷ் தெரியும்னு தமிழ்த் தட்டச்சு வேணாம்னா சொன்னோம்? ஒரு குழந்தைக்கு வீட்டு மொழி எந்தக் கருவியிலும் கேட்கலைன்னா, அது வீட்டுக்குள்ள மட்டும் பேச வேண்டியதுன்னுதான் புரிஞ்சுக்கும்.

எனக்குப் பெரிய கேள்வி வேற. அந்தக் குரல் யாருக்குச் சொந்தம்? காமன் வாய்ஸ் குரல்களை யார் வேணா எதுக்கு வேணா எடுத்துக்கலாம். கோடிக்கணக்கான பேர் பேசற தமிழுக்கு அது சரிதான். சின்ன சமூகத்துக்கு? நியூசிலாந்துல மாவோரி மக்களோட ‘தே ஹிக்கு மீடியா’ 2018ல் 10 நாள்ல 300 மணி நேரத்துக்கு மேல சேர்த்துச்சு. அதைப் பெரிய கம்பெனிகளுக்குத் தூக்கிக் குடுக்காம, பயன்படுத்தற உரிமையைத் தங்க கையிலேயே வெச்சுக்கிட்டாங்க.

இங்கயும் அப்படித்தான் நடக்கணும்ங்கறது என் கட்சி. ஆவடிப் பிள்ளைங்களே மைக் பிடிக்கணும். கூலி கிடைக்கணும். வேணாம்னா அழிக்கச் சொல்ற உரிமை இருக்கணும். எங்க போகும், யார் கேப்பாங்கன்னு முதல்லயே அவங்க மொழியில சொல்லணும். அவங்களை போட்டோ பிடிச்சுட்டுப் போனவங்க ஏற்கனவே நிறைய. குரலையும் அப்படியே அள்ளிட்டுப் போயிடக் கூடாது.

யூனிகோடுக்காக மண்டையை உடைச்சுக்கிட்ட சக பதிவர்களே, நம்ம மொழிக்கு நாம கேட்டதைத்தான் பக்கத்துத் தெரு மொழிக்கும் கேக்கறேன். என்ன சொல்றீங்க?