உறைந்த ஏரியும் எமது அச்சங்களும்

மாரி காலம் தொடங்கிவிட்டால் எம்மவரின் வாழ்க்கை வேலைத்தலத்துக்கும் வீட்டின் நிலக்கீழ் அறைக்கும் இடையே சுருங்கிவிடுகின்றது. நவம்பரில் இழுத்து மூடிய யன்னற் சீலையை ஏப்ரலில் விலக்குவோர் எம்மிடையே பலர். இந்நாட்டின் குளிரை நாம் ஒரு தண்டனையாக அனுபவிக்கின்றோமேயன்றி, ஒரு பருவமாக அறிந்துகொள்ள முயல்வதில்லை. இதுபற்றி எழுதவேண்டுமென்ற எண்ணம் நெடுநாளாக இருந்தபோதிலும், கடந்த மார்ச் மாத முதல் வாரத்தில் நண்பர்கள் அறுவருடன் சிம்கோ ஏரிக்குச் சென்று ஓரிரவு தங்கித் திரும்பிய பின்னரே எழுதுவதற்கான உரிமை எமக்கு உண்டெனத் தோன்றியது.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேர வாகன ஓட்டத்தில் உள்ளது சிம்கோ. 722 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இந்த ஏரி மாரியில் உறைந்ததும் அதன்மேல் மீன்பிடிக் குடில்கள் முளைத்துவிடும். ஒவ்வொரு குடிலிலும் பதிவிலக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்; மார்ச் 15ஆம் திகதிக்குள் அது ஏரியைவிட்டு அகற்றப்படவும் வேண்டும். நாம் சென்றபோது பல குடில்கள் ஏற்கெனவே கரையேறியிருந்தன. அதுவே எமக்கு முதலாவது எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

எம்முடன் வந்தோரில் ஒருவர் டாக்சி ஓட்டுபவர், ஒருவர் தொழிற்சாலைப் பணியாளர், இருவர் உணவகச் சமையலறையில் வேலை செய்வோர். ஐந்தாமவர் தமது அகதிக் கோரிக்கையின் விசாரணைக்குக் காத்திருக்கும் இளைஞர். ஆறாமவர் மயிலிட்டியைச் சேர்ந்த முதியவர். 1990இல் ஊரைவிட்டு எழுந்தவர். 2017இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட செய்தியை அவர் இந்த ஏரிக்கரையில் நின்றே கேட்டாராம். கடலை இழந்தவர் ஏரியைப் பற்றிக்கொண்டார். இருபது மாரிகளை அவர் இந்தப் பனிக்கட்டியின்மீது கழித்திருக்கிறார்.

முதல்நாள் இரவு, கரையோரக் காணிக்காரர் ஒருவரின் அனுமதியுடன் கூடாரம் அடித்தோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும், தேநீர் காய்ச்சிய எரிவாயு அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தாலென்ன என்று ஒருவர் கேட்டார். முதியவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். மூடிய கூடாரத்தில் எரியும் அடுப்பு காபன் மொனொக்சைட்டை வெளிவிடும். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு உறங்குவோரை எழவிடாமற் செய்துவிடும். நால்வருக்கு ஒரு போர்வையென உறங்கிப் பழகிய எமக்கு, அன்றிரவு ஆளுக்கு இரண்டு போர்வை போதுமானதாகவே இருந்தது.

மறுநாட் காலை திருகுக்கருவியால் துளையிட்டு, தூண்டிலை இறக்கினோம். நீர் நான்கு பாகை செல்சியசில் மிகவும் அடர்த்தியாக இருப்பதனால் அது அடியில் தங்குகிறது. அதனிலும் குளிர்ந்த நீர் மேலெழுந்து உறைகிறது. மேலே மூடிபோலப் பனிக்கட்டி கிடக்க, கீழே மீன்கள் உயிரோடு உலாவுவது இதனாலேயே. பத்து மணிக்குள் மஞ்சள் பேர்ச் மீன்கள் பத்தொன்பது கிடைத்தன.

நண்பகலில் வெயில் ஏறியது. அப்பால் முந்நூறு மீற்றர் தொலைவில் மீன் கூடுதலாக உண்டென்று இளையவர்கள் புறப்பட ஆயத்தமாயினர். நாம் துளையை அளந்து பார்த்தோம். முப்பது சென்ரிமீற்றர். தெளிந்த பனிக்கட்டியின்மேல் ஆள் நடப்பதற்குப் பத்து சென்ரிமீற்றர் போதும் என்பது பாதுகாப்புக் கையேடுகள் சொல்லும் கணக்கு. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள் என்ற தோரணையோடு அந்தக் கணக்கை எடுத்துரைத்தோம். முதியவர் துளையோரத்திலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் வைத்து நசுக்கினார். அது மெழுகுவர்த்திகளைச் சேர்த்துக் கட்டியது போன்று செங்குத்தான ஊசிகளாக உதிர்ந்தது.

“சேர், உங்கட கணக்குச் சரி. ஐஸ்தான் பிழை. கரைக்குப் போவம்” என்றார்.

பங்குனி வெயில் பனிக்கட்டியினுள் ஊடுருவி, பளிங்குகள் ஒட்டியிருக்கும் எல்லைகளை உருக்கிவிடுகின்றது. தடிப்பம் அப்படியே இருக்கும், பலம் போய்விடும். நாம் திரும்பினோம். காலையில் உலர்ந்த காலோடு கடந்த கரையோரத்தில் இப்போது நீர் நின்றது. எமது வலது கால் முழங்கால் வரை புதைந்தது. இரண்டு பலகைகளை இட்டே ஏனையோர் கரையேறினர்.

இந்நாட்டிற் பிறந்தவர்களும் இதில் தவறுவதுண்டு. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி ஈரி ஏரியின் ஒஹாயோக் கரைக்கப்பால் பனித்தளம் பிளந்து விலகியதில் நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப்பாளர்கள் சிக்குண்டு மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். ஏரியை அறிந்தவர்களுக்கே அந்தக் கதியென்றால், அறியாத நாம் எவ்வளவு அவதானமாக இருக்கவேண்டும்?

ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பனிக்கட்டியன்று. அதன்பின் கரையில் நிகழ்ந்ததே. நாம் மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து அனுமதிப்பத்திரங்களைக் கேட்டார். சீருடையைக் கண்ட கணத்திலேயே, விசாரணைக்குக் காத்திருக்கும் அந்த இளைஞர் வாகனத்தின் பின்னே மறைந்துவிட்டார். அவரது சட்டைப்பையில் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருந்தது! அதிகாரி மீன்களை எண்ணினார்; முதியவரின் வயதை உறுதிசெய்ய அடையாள அட்டையைப் பார்த்தார்; அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. மறைந்திருந்தவரை நாமே அழைத்தோம். நடுங்கிய கையால் அவர் நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு, கரையோர நீர் ஆழமாகிவிட்டது, கவனம் என்று மட்டும் சொல்லி அதிகாரி அகன்றார்.

அந்த இளைஞரை நாம் பழிக்கவில்லை. கடலுக்குச் செல்லவும் பாஸ் எடுக்கவேண்டியிருந்த ஒரு கரையிலிருந்து வந்தவர் அவர். சோதனைச் சாவடியில் நின்ற உடம்பு சீருடையைக் கண்டால் மூளையைக் கேட்டுக்கொண்டு நடுங்குவதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எம்மைக் கொல்லக்கூடிய பனிக்கட்டியின்மேல் நாம் சிரித்துப் பேசியவாறு நடந்தோம். எமக்குத் தீங்கு செய்யும் நோக்கமற்ற ஓர் உத்தியோகத்தரைக் கண்டு ஒளிந்தோம். அஞ்சவேண்டியதற்கு அஞ்சவில்லை, அஞ்சத் தேவையில்லாததற்கு அஞ்சினோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இந்நாட்டின் இயற்கையையும் சட்டத்தையும் நாம் இன்னும் கற்கவில்லை.

மீன் கடையிலே கிடைக்கும்போது இந்த வீண்வேலை எதற்கு என்று சிலர் கேட்பர். உயிரைப் பணயம் வைப்பதற்கு நாமும் உடன்பாடில்லை. ஆனால் நாம் போகாவிட்டாலும் எமது பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள். பாடசாலைத் தோழர்கள் அழைத்துச் செல்வார்கள். அப்போது அவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் அறிவு வீட்டில் இருக்கவேண்டாமா?

ஆகவே ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இராப்போசன விருந்துக்குச் செலவிடும் நாட்களில் ஒன்றை, அடுத்த மாரியின் தொடக்கத்தில் இதற்கென ஒதுக்குங்கள். பனிக்கட்டியின் இயல்பை அறிந்தவர்களை அழையுங்கள். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் கற்பிக்கும் எளிய கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பனிநீரில் வீழ்ந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால்களைப் பயனுற அசைக்கப் பத்து நிமிடம், உடல்வெப்பம் இழந்து நினைவு தவற ஒரு மணி நேரம். பதறாதவர், வந்த திசைக்கே திரும்பி, காலால் உதைத்து மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகினால் பிழைக்க இடமுண்டு. கூடவே அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி, அதிகாரி கேட்டால் எதைக் காட்டுவது என்பனவற்றையும் சொல்லிக்கொடுங்கள். புதிதாக வந்திருப்போருக்கு அதுவே பெரிய உதவி.

சிம்கோ ஏரி கூச்சிச்சிங் ஏரியோடு கலக்கும் இடுக்கில், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டின் முதற்குடிகள் தடிகளை நட்டு மீன் மறித்த வேலிகள் நீரின் அடியில் இன்றும் உள்ளன. யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் எம்மவர் தடி நட்டு வலைகட்டி மீன் மறிப்பதுண்டு என்று முதியவர் அந்த இளைஞருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பத்தொன்பது மீனும் டாக்சிக்காரர் வீட்டில் குழம்பாயின. இளைஞரின் விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. ஆனால் தமது அனுமதிப்பத்திரத்தை அவர் இப்போது சட்டைப்பையின் அடியில் மடித்து வைப்பதில்லை.