தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உளவியலின் மையப் பாடங்களில் இடம்பெற வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

உளவியல் கற்பிப்போரும் ஆலோசகர்களும் சேர்ந்த எங்கள் சங்கம் கேட்பது இதுதான்: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையோரின் வாழ்க்கையை நெறிபிறழ் உளவியலின் ஓரத்திலோ விருப்பப் பாடத்திலோ ஒதுக்கி வைக்கக் கூடாது. வளரிளம் பருவம், குடும்பம், முதுமை, ஆய்வுமுறை என எல்லாத் தாள்களிலும் அது வர வேண்டும்.

ஆய்வுமுறையை யோசித்தே சேர்த்திருக்கிறோம். ஒரு காலத்தில் தன்பாலீர்ப்பு பற்றி எழுதிய அறிஞர்கள் பெரும்பாலும் சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்களையே பார்த்தார்கள். அங்கே கண்ட துன்பத்துக்கெல்லாம் ஈர்ப்பே காரணம் என்று முடிவுகட்டினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் வேறு வழியில் போனார். சிகிச்சை எதிலும் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும், வயது, படிப்பு, நுண்ணறிவில் அவர்களுக்கு இணையான 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் எடுத்துக்கொண்டார். ரோர்ஷாக் மைத்தடச் சோதனையில் அவர்கள் தந்த பதில்களை, யாருடையவை என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். அவர்களால் இரு தரப்பையும் பிரித்தறிய முடியவில்லை. ஆய்வு 1957இல் வெளியானது. மாதிரித் தேர்வு பிசகினால் ஒரு துறையே வழிதவறும் என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. அந்த ஆய்வு வெளிவந்த பிறகும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்க 1973 ஆனது; உலக சுகாதார நிறுவனத்துக்கு 1990.

ஹூக்கரின் ஆய்விலும் பெண்கள் இல்லை. இருபாலீர்ப்பு உடையோரைத் தன்பாலீர்ப்பு உடையோரோடு ஒரே கட்டத்தில் போட்டு எண்ணும் பழக்கமும் இன்னும் போகவில்லை. இதைத் திருத்தாத ஆய்வேட்டை வழிகாட்டிகள் ஏற்கக் கூடாது.

2021இல், காதலித்து வீட்டைவிட்டு வெளியேறிய இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்புக்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து விவரம் கேட்டறிந்தார். ஒரு நீதிபதி தேடிப்போய்க் கற்றதை, உளவியலில் பட்டம் பெறும் மாணவர் வகுப்பிலேயே கற்க வேண்டாமா?

பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையை அந்த நீதிபதி தடைசெய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு மருத்துவர்களுக்கானது. மருத்துவப் பதிவு இல்லாமல் ஆலோசனை வழங்குவோரை அது எட்டாது. எங்கள் உறுப்பினர் எவரும் அந்தச் சிகிச்சையைச் செய்யமாட்டார், பிறரிடம் அனுப்பவும் மாட்டார். பிள்ளையை மாற்றித் தரச்சொல்லி அழுதுகொண்டு வரும் பெற்றோரிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசும் பயிற்சியை முதுநிலைக் களப்பயிற்சியில் கட்டாயமாக்குமாறு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.