பிரவுசர் ஏகப்பட்டது, இன்ஜின் மூன்றே மூன்று: ‘குரோம்ல ஓடுதே’ என்றால் போதுமா?

“என் சிஸ்டத்துல சரியாத்தானே இருக்கு!” வெப் டெவலப்பர்கள் அடிக்கடி சொல்லும் பதில் இது. குரோமில் பளிச்சென்று திறக்கும் பக்கம், கிளையன்ட்டின் ஐபோனில் பட்டன் பாதி மறைந்து நிற்கும். தப்பு பிரவுசர் மேலா, டெவலப்பர் மேலா?

பெயர்தான் வேறு

எழுதிய கோடைத் திரையில் பக்கமாக வரைந்து காட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் இன்ஜின். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றிலும் ஓடுவது கூகுள் முன்னின்று நடத்தும் ‘பிளிங்க்’. சஃபாரியில் ஆப்பிளின் ‘வெப்கிட்’. ஃபயர்பாக்ஸில் மொசில்லாவின் ‘கெக்கோ’. ஓபரா 2013-லும், எட்ஜ் 2020-லும் சொந்த இன்ஜினைக் கைவிட்டு கூகுள் பக்கம் வந்துவிட்டன. ஆக, குரோமிலும் எட்ஜிலும் டெஸ்ட் செய்வது ஒரே பரீட்சையை இரண்டு தடவை எழுதுவது மாதிரிதான்.

இந்தியாவில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட நெருக்கடியால் 2024-ல் அங்கு அது தளர்ந்தது.

எது எதில் கெட்டி?

வேகத்தை அளக்க, எங்கே இழுக்கிறது என்று பார்க்க குரோமின் டெவலப்பர் டூல்ஸ் கைகொடுக்கும். கிரிட், ஃபிளெக்ஸ்பாக்ஸ் லேஅவுட்டை அலசுவதில் ஃபயர்பாக்ஸ் கில்லாடி. சஃபாரியில்தான் தலைவலி: ஐபோனில் வரும் பிழையைத் தோண்ட முறைப்படி ஒரு மேக் வேண்டும். சஃபாரி அப்டேட்டும் ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் வரும். பழைய ஐபோன் வைத்திருப்பவர் பழைய இன்ஜினிலேயே நிற்பார்.

அதற்காக சஃபாரி எப்போதும் கடைசி பெஞ்ச் இல்லை. டெவலப்பர்கள் பல வருடம் கேட்ட சிஎஸ்எஸ்-ன் ‘ஹேஸ்’ செலக்டர் 2022 மார்ச்சில் முதலில் வந்தது சஃபாரியில். குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டில். ஃபயர்பாக்ஸில் 2023 டிசம்பரில்.

பழைய கதை திரும்புகிறதா?

2001-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது. போட்டி இல்லாததால் அடுத்த பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆனது. அதை மட்டும் நம்பி எழுதிய தளங்கள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2022-ல் மைக்ரோசாஃப்டே அதற்கு மூடுவிழா நடத்தியது.

குரோம் அப்படித் தூங்கவில்லை. ஆனால் முடிவெடுப்பது விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம். எக்ஸ்டென்ஷன் விதிகளை அது மாற்றியதும், ‘யூபிளாக் ஆரிஜின்’ விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் குரோமில் நின்றுபோனது. ஃபயர்பாக்ஸில் இன்னும் ஓடுகிறது. அந்த மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பங்கு கூகுள் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருவதுதான் வேடிக்கை.

என்ன செய்யலாம்?

தினசரி வேலையை ஃபயர்பாக்ஸில் செய்து, முடிவில் குரோமில் சரிபார்க்கலாம். அங்கே உடையாதது குரோமில் உடைவது அபூர்வம். மேக் இல்லாதவர்கள் இலவச ‘பிளேரைட்’ மூலம் மூன்று இன்ஜின்களிலும் டெஸ்ட் ஓட்டலாம். ரிலீஸுக்கு முன் நிஜமான ஐபோன் ஒன்றிலும் பார்த்துவிடுவது நல்லது.

டெட்லைன் நெருக்கும்போது இதெல்லாம் கூடுதல் வேலைதான். ஆனால் டெவலப்பர்கள் டெஸ்ட் செய்யாத இன்ஜினில் தளங்கள் உடையும். உடைந்தால் பயனர்கள் குரோமுக்கு ஓடுவார்கள். பிறகு தேர்ந்தெடுக்க வேறு பிரவுசரே மிஞ்சாது.