இந்தப் பிள்ளைகளும் நம் கடைகளைப் பார்க்கட்டும்

ஆண்டுதோறும் மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் நம் கடைத்தெருவில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரக்கு எடுக்க வந்த சில்லறை வியாபாரி சிட்டையைக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, மகன் நானூற்றுப் பத்து மார்க் வாங்கியிருக்கான். எதுல சேர்க்கலாம்?" என்று கேட்பார். நாமும் மிளகாய் வற்றல் விலை சொல்வது போல பி.காம். சேருங்கள், சி.ஏ. படிக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். நம்மில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர்கள். இருந்தும் நம்மிடம் கேட்கிறார்கள். எங்கே என்ன வேலை இருக்கிறது, எதற்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்பது கடைத்தெருவில் இருப்பவனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அதே மே மாதத்தில் தேர்வு முடிவு பார்க்கும் வேறு சில பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண் பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க இயலாதவர்கள், சொன்னால் புரிந்துகொண்டாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுபவர்கள். இவர்களுக்காக யாரும் நம்மிடம் யோசனை கேட்டு வருவதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று பெற்றோரே இருந்துவிடுகிறார்கள். கண் தெரியாத பிள்ளை என்றால் தமிழோ வரலாறோ படித்து, பி.எட். முடித்து, ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்க வேண்டும். காது கேளாத பெண் என்றால் தையல். கால் வராத பையன் என்றால் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை. ஏதாவது ஒன்றில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது. ஆசிரியர் வேலையும் தையலும் தாழ்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. வேறு எதையும் கண்ணால் காணாமலே அந்தப் பிள்ளை அங்கே போய் நிற்கிறதே என்பதுதான் நம் மனதை உறுத்துகிறது.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத இடம் கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உண்டு என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமலும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. கல்லூரியில் சேர வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. நம் மாநிலப் பொதுத்தேர்வில் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆள், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் மேற்படிப்புக்கு வழி சொல்லும் ஏற்பாடும் இருக்கிறது.

ஆனால் இடம் இருக்கிறது என்பது வேறு, எந்த இடத்துக்குப் போவது என்று தெரிவது வேறு. அந்த முடிவு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எடுப்பதும் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்து, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்களே, அந்த ஒரு நாளில் பாதி வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து. வணிகவியல் எடுக்காமல் விட்ட பிள்ளை பிறகு கணக்குத் துறைக்கு வருவது எளிதல்ல. அந்த வயதுக்குள் ஒரு கணக்கு அலுவலகத்தையோ, மொத்தக் கடையையோ, லாரி ஷெட்டையோ, அச்சகத்தையோ, மருந்துக் கடையின் உட்புறத்தையோ பார்த்திராத பிள்ளை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

நமக்குச் சரக்கு வரும் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதுபவரின் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். கணக்குப் பதிவியலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கினான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரியில் பி.காம். வகுப்பு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வகுப்பைக் கீழே மாற்ற முடியுமா என்று தகப்பனார் இரண்டு முறை போய்க் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். கீழ்த்தளத்தில் வரலாற்று வகுப்பு இருந்தது. பையன் வரலாறு படித்தான். மாணவனின் மூளையைப் பார்க்காமல் மாடிப்படியைப் பார்த்துப் படிப்பு முடிவானது. கட்டடத்தில் எல்லோரும் போய்வர வழி செய்வது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை எடுத்துக் கேட்கலாம் என்று அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல ஆள் இல்லை.

நாம் தொழில் கற்ற விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பள்ளி விடுமுறை என்றால் கடைக்கு வா என்று அழைத்துப் போவார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. மூட்டையில் கையை விட்டுப் பருப்பை அள்ளிப் பார்ப்பதையும், தரகர் விலையை முறிப்பதையும், கணக்குப்பிள்ளை இரவு எட்டு மணிக்குப் பேரேட்டை மூடுவதையும் பார்த்துக்கொண்டே நின்றோம். அதிலேயே சிலருக்குக் கொள்முதல் பிடித்தது, சிலருக்குக் கணக்கு பிடித்தது, சிலர் இது நமக்கு ஆகாது என்று வேறு படிப்புக்குப் போனார்கள். ஆகாது என்று தெரிந்துகொண்டதும் லாபம்தானே. நடக்க முடிந்த, காது கேட்கிற பிள்ளைகளுக்கு இன்றும் இது கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. நெரிசலில் அடிபட்டுவிடும் என்ற பயம் ஒன்று. நாலு பேர் பார்த்துப் பரிதாபப்படுவார்களே என்ற கூச்சம் ஒன்று. தாய்மார்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு என்றே பதினேழு வயது ஓடிப்போகிறது.

இவர்களுக்கு நம் கடையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அப்போது மொத்த வியாபாரம் என்றால் மூட்டை தூக்கத் தோள், போனில் கத்தத் தொண்டை. இன்று ஆர்டரில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வருகிறது. காது கேளாதவர் ஆர்டர் எடுக்க இப்போது என்ன தடை? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து நாம் மூட்டைகளோடு போராடியதைவிட ரிட்டர்ன்களோடு போராடியதே அதிகம். பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, வங்கி வரவைச் சரிபார்ப்பது, பாக்கி வசூலுக்கு நினைவூட்டுவது எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலை. இதற்கு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நாம்தானே புலம்புகிறோம்.

பார்வை இல்லாதவர் பணத்தை எப்படிக் கையாள்வார் என்று ஒரு நண்பர் கேட்டார். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. செல்போனை நோட்டின் முன் காட்டினால் எத்தனை ரூபாய் நோட்டு என்று வாயால் சொல்கிறது. நூறு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் ஓரங்களில் விரலால் தடவி அறியப் புடைத்த கோடுகளும் இருக்கின்றன. நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. கியூ.ஆர். அட்டையில் பணம் வந்தால் ஒலிப்பெட்டி கடை முழுவதும் கேட்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் வந்துவிட்டது. போனில் விலை கேட்பவர்களுக்கு நூறு சரக்கின் விலையை மனதில் வைத்துப் பதில் சொல்லக் கண் எதற்கு? எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி நாம் சொல்லவே வேண்டாம். பரீட்சையில் தவறி, வியாபாரத்தில் ஜெயித்த எத்தனை பேரை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்! அவர்களில் சிலருக்கு இருந்தது சோம்பல் அல்ல, இந்தக் கற்றல் குறைபாடுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

எல்லா வேலையும் எல்லோருக்கும் ஆகும் என்று நாம் வாதாடவில்லை. மிளகாய்க் குடோன் மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஆகாது. லாரி பின்னோக்கி வரும் இடத்தில் காது கேளாத பிள்ளையைத் தனியே நிறுத்தக் கூடாது. எது ஆகும், எது ஆகாது என்பதைப் பிள்ளையும் நேரில் கண்டு தெரிந்துகொள்ள வேண்டும், நாமும் கண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இது நடக்கக்கூடியது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆரம்ப காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்து வருகிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரோடு சேர்ந்து அந்த நிறுவனத்தை நடத்திவரும் திரு. சங்கரராமன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர்; படித்துத் தேறிய ஆடிட்டர். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஆடிட்டர் ஆகலாம் என்பதை நம் ஊர்ப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று தெரிந்துகொண்டால் விண்ணப்பத்தில் எழுதும் பிரிவு மாறாதா?

அமெரிக்காவில் இதைப் பள்ளியின் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். குறைபாடுள்ள மாணவனுக்குப் பதினாறு வயது ஆகும்போது, பள்ளிக்குப் பின் என்ன படிப்பு, என்ன வேலை என்ற திட்டத்தைப் பள்ளி எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பள்ளியில் படிக்கும்போதே வேலையிடங்களைக் காட்டிப் பழக்குவதற்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பணமும் ஒதுக்குகிறார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டியதில்லை. கடைத்தெருவே நம்மிடம் இருக்கிறது.

இரண்டு தடைகளைச் சிலர் சொல்வார்கள். முதலாவது, பள்ளிப் பிள்ளைகளைக் கடையில் வைத்தால் தொழிலாளர் ஆய்வாளர் வந்து நிற்பாரே என்பது. நியாயமான பயம். ஆகவே வேலை வாங்கக் கூடாது. ஆசிரியரோடு வருவார்கள், பார்ப்பார்கள், கேட்பார்கள், போவார்கள். ஒரு பில்லைப் போட்டுப் பார்க்கக் கொடுக்கலாம், மூட்டைப் பக்கம் விடக் கூடாது. பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதமும் பெற்றோர் ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது தடை, வியாபார நேரத்தில் யார் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது என்பது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நம் மண்டிகளில் என்ன வியாபாரம் நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா? தூங்குகிற நேரம்தானே அது.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. 2021 சட்டத் திருத்தத்தின்படி கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று வந்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். அந்த நாற்காலிகளே இப்போது இந்தப் பிள்ளைகளுக்கும் உதவும். நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளும் துணைக்கு வருபவரும் 2021 முதல் இலவசமாகப் போகலாம். காது கேளாத பிள்ளைகள் வரும்போது சைகை மொழி தெரிந்த ஆசிரியர் உடன் வர வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. சங்கச் செயலாளர் ஒரு கடிதம் எழுதினால் எந்தப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பெறலாம்.

காலாண்டு விடுமுறையில் தொடங்குவதே நல்லது. மே மாதத்துக்கு விட்டால் பிரிவு எடுக்கும் நேரம் வந்துவிடும். ஒரு பிள்ளைக்கு நான்கு நாள், நாளுக்கு ஓர் இடம் போதும். மளிகை மொத்தக் கடை ஒன்று, ஜவுளிக் கடை ஒன்று, ஆடிட்டர் அலுவலகம் ஒன்று, லாரி புக்கிங் அலுவலகம் ஒன்று. ஐந்தாம் நாள் சங்கத்தில் பெற்றோரையும் உட்காரவைத்து, கல்லூரி இட ஒதுக்கீடு, தேர்வுச் சலுகை, தனித்துவ அடையாள அட்டை பற்றி விவரம் தெரிந்த ஒருவரைப் பேசவைக்கலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே சேர்ந்தது என்று கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். பற்று வரவு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமா?

மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியது வணிகர் மரபு. விருதுநகரில் 1889இல் அப்படித்தான் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராசர் படித்த பள்ளி அது. அந்தக் காலத்தில் யாருக்குப் பள்ளி வாசல் எட்டவில்லையோ அவர்களுக்காக மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்தார்கள்.

இந்த யோசனையை அடுத்த பொதுக்குழுவில் பேச எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறோம். நான்கு கடைக்காரர்கள் பெயர் கொடுத்தால் இந்தக் காலாண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். முதல் பெயராக நம் கடையை எழுதிக்கொள்ளலாம். இன்னொன்றும் அன்றே முடிவாக வேண்டும். நம் சங்கக் கட்டடத்து வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன, பக்கத்தில் கைப்பிடி கூட இல்லை. வடக்குப் பக்கச் சுவரை ஒட்டிச் சாய்வுப் பாதை போடப் போதிய இடம் இருக்கிறது. கொத்தனாரை வரவழைத்து அளந்து, செலவு எவ்வளவு என்று கேட்டுவைக்கும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.