ஊகம் ஆளைக் கண்டுபிடிக்காது

செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் 'ஒரு பொண்ணைக் காணோமாம்' என்று யாராவது ஆரம்பித்தால், 'எவன்கூடவாவது போயிருக்கும்' என்று அடுத்தவர் முடித்து விடுகிறார். காணாமல் போனது சேரிப் பெண் என்றால் அந்தப் பேச்சில் சந்தேகமே இருப்பதில்லை. கடைத்தெருப் பேச்சு போகட்டும். காவல் நிலையத்திலும் அதே பேச்சு வந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் மாரா முர்ரே என்ற 21 வயது செவிலியர் கல்லூரி மாணவி ஓட்டிச் சென்ற கார், 2004 பிப்ரவரி 9 இரவு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சாலை வளைவில் விபத்துக்குள்ளானது. அவ்வழியே வந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவரிடம் பேசினார். சிறிது நேரத்தில் போலீஸ் வந்தபோது கார் இருந்தது, அவர் இல்லை. மோப்ப நாயுடன் முறையான தேடுதல் 11-ஆம் தேதிதான் தொடங்கியது. தற்கொலை, தலைமறைவு, கடத்தல் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊகங்கள் பெருகின. விடை கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்ணை உலகம் தேடியது. வெள்ளைக்காரப் பெண் காணாமல் போனால் பக்கம் பக்கமாக எழுதும் ஊடகங்கள் கறுப்பினப் பெண்களைக் கண்டுகொள்வதில்லை என்று கறுப்பினப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் அதே 2004-இல் சுட்டிக்காட்டினார். அங்கே நிறம், இங்கே சாதி.

அரியலூர் மாவட்டத்தில் 2016 டிசம்பர் 29 அன்று ஒரு தலித் சிறுமி காணாமல் போனார். 2017 ஜனவரி 14 அன்று கிணற்றில் சடலமாகக் கிடைத்தார். போலீஸ் உரிய நேரத்தில் தேடவில்லை என்று குடும்பத்தார் கதறினார்கள். பொங்கல் நாளில் வந்து சேர்ந்தது பிணம்.

நம் பக்கத்திலேயே நடந்ததையும் மறக்க முடியாது. ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குச் சென்றார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று கதை கட்டப்பட்டது. கோயில் கேமராப் பதிவு அந்தக் கதையை உடைத்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை வழங்கியது. மகனுக்காகச் சளைக்காமல் நின்ற தாயும், கையில் கிடைத்த சாட்சியமும்தான் அதைச் சாதித்தன.

ஆகவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். காணாமல் போனவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், கடத்தப்பட்டதாகவே கருதி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே உத்தரவிட்டுவிட்டது. பெரியவர் என்றால், யார் மீதாவது சந்தேகம் இருந்தால் அதைப் புகாரில் எழுத்தில் சேருங்கள். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. நிலையத்தில் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். வன்கொடுமைப் புகாரை வேண்டுமென்றே பதிவு செய்யாத, பட்டியல் சமூகத்தைச் சேராத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு.

கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். செல்போன் தடயமும் காத்திருக்காது. 'ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவா' என்று சொல்வது ஆறுதல் அல்ல, குற்றவாளிக்குக் கொடுக்கும் அவகாசம்.

அவள் யாரோடு போனாள் என்று கேட்பதை நிறுத்துவோம். புகார் பதிவானதா, ரசீது எங்கே என்று கேட்போம். கேட்க ஊரே காவல் நிலைய வாசலில் போய் நிற்போம்.